சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

தண்டுவடத்தில் அடிபட்டோ, பக்கவாதத்துக்குப் பிறகோ, முதுமையினாலோ வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கும்போது, அவர் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் எதையாவது செய்துவிட வேண்டும் என்ற பரபரப்பில், பெரும்பாலான குடும்பங்கள் கொத்தனாரை அழைத்து வாசலில் ஒரு சாய்தளம் போட்டுவிடுகின்றன. சாய்தளம் தேவைதான், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. வாசலைத் தாண்டுவது நாளுக்கு ஒரு முறையோ வாரத்துக்கு இரண்டு முறையோ நடப்பது. அந்த நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டாரை உதவிக்கு அழைக்கலாம். கழிப்பறைக்கு நாளில் பல முறை போயாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருவர் தூக்கிவிட வேண்டியிருந்தால், போகாமலிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். ஆகவே இங்கே வேலைகள் வீட்டின் உள்ளிருந்து வெளியே செல்லும் வரிசையில் சொல்லப்படுகின்றன.

அளவுகளைப் பற்றி முன்கூட்டியே ஒரு சொல். மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தக் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2021இல் புதுப்பித்து வெளியிட்டது. அதில் எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். நம் கொத்தனாரும் தச்சரும் அடி, அங்குலத்தில் பேசுவார்கள். எனவே வேண்டிய இடங்களில் இரண்டையும் தந்திருக்கிறேன்.

நாற்காலியை அளத்தல்

வீட்டை இடிப்பதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள். சர்ஜிகல் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மடக்கு நாற்காலிகளில் பெரும்பாலானவை 18 அங்குல இருக்கை கொண்டவை. பெரிய சக்கரங்களையும் அவற்றைத் தள்ளும் வளையங்களையும் சேர்த்தால் மொத்த அகலம் 25, 26 அங்குலம் வந்துவிடும். ஒல்லியான உடல்வாகு உள்ளவருக்கு 16 அங்குல இருக்கையே போதுமானதாக இருக்கலாம். இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே இருபுறமும் உள்ளங்கை செருகும் அளவுக்கு மட்டும் இடம் இருந்தால் அந்த இருக்கை சரியானது. இரண்டு அங்குலம் குறைவான நாற்காலி, ஒரு சுவரை உடைக்கும் செலவை மிச்சப்படுத்திவிடக்கூடும் என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை. நாற்காலியின் கைதாங்கி கழற்றக்கூடியதா, கால்தாங்கி பக்கவாட்டில் மடங்குகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கோ கழிப்பறை இருக்கைக்கோ பக்கவாட்டில் நகர வேண்டுமானால் கைதாங்கி விலக வேண்டும்.

முடிந்தால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் நாற்காலியைத் தேர்ந்தெடுக்கவும், அதிலிருந்து இடம் மாறவும் பயிற்சி கேட்டுப் பெறுங்கள். 1954இல் நேர்ந்த விபத்தில் இரு கால்களும் செயலிழந்து, அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் வேலூர் பாகாயத்தில் இயங்குகிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் இருக்கிறது. உடம்பைத் தூக்கி நகர்த்தும் முறை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் தேவைப்படும் கழிப்பறை ஒரே மாதிரியானது அல்ல. ஆதலால் பயிற்சி முடியும்வரை நிரந்தரமான கட்டுமான வேலைகளைத் தள்ளிப்போடுவதில் நட்டமில்லை.

ஒரு நாளின் வழித்தடம்

அடுத்து, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அந்த நபர் எந்தெந்த இடத்துக்குப் போக வேண்டும், அங்கே எதைத் தொட வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் தரையில் ஐந்தடி விட்டமுள்ள வட்டம் வரையுங்கள். 1500 மில்லிமீட்டர் வட்டம் இருந்தால் நாற்காலியை முன்பின் இழுக்காமல் ஒரே சுற்றில் திருப்பிவிடலாம். வட்டத்துக்குள் பீரோவோ, தையல் எந்திரமோ, கட்டிலின் மூலையோ வந்தால் அது நகர வேண்டும். பல வீடுகளில் பாதிச் சிக்கல் இந்த நகர்த்தலிலேயே தீர்ந்துவிடுகிறது; காசும் செலவாகாது. நடைபாதையில் கிடக்கும் கால்மிதிகளையும் சுருளும் விரிப்புகளையும் எடுத்துவிடுங்கள்.

இந்த அளவெடுப்பின்போது நாற்காலியில் இருப்பவரே அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் உறங்கும்போது மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த வீடுகளில், கண்ணாடி அவருடைய முகத்துக்கு எட்டாத உயரத்திலும் சுவர்க் கைப்பிடி வலுவில்லாத கையின் பக்கத்திலும் அமைந்துவிடுகின்றன.

கதவும் நிலையும்

கதவின் அகலம் என்று கேட்டால் தச்சர் சொல்வது பெரும்பாலும் நிலையையும் சேர்த்த அளவாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது, கதவைச் செங்கோணத்தில் திறந்துவைத்து, கதவின் முகப்புக்கும் எதிர்ப்பக்கச் சட்டத்துக்கும் இடையே எஞ்சும் இடைவெளி. குளியலறைக்கு வழக்கமாகப் போடும் இரண்டரை அடிக் கதவில் சட்டத்தின் கனமும் கதவின் கனமும் போனால் 24, 25 அங்குலமே மிஞ்சும். 26 அங்குல நாற்காலி அங்கே நின்றுவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் இந்த இடைவெளி 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி இருக்குமாறு கேட்டு வாங்க வேண்டும். பழைய வீட்டில் 32 அங்குலம் கிடைத்தாலே நன்றாகச் சமாளிக்கலாம். ஒடுங்கிய நடையிலிருந்து திரும்பி நுழைய வேண்டிய கதவுக்கு, நேராக நுழையும் கதவை விடக் கூடுதல் அகலம் வேண்டும். சக்கரத்தைத் தள்ளும் விரல் முட்டிகள் நிலையில் உரசாமல் போகவும் இருபுறமும் கொஞ்சம் இடம் வேண்டும்.

உடைக்காமல் இடம் பெறும் வழிகள் சில உண்டு. கதவைக் கழற்றித் திரை போடுவது முதல் வழி. தனிமை வேண்டிய அறைகளுக்குச் சுவரை ஒட்டி நகரும் சறுக்குக் கதவு இரண்டாவது வழி. குளியலறைக் கதவு கட்டாயம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்து நிறுத்திவிடும்.

வாசல் நிலையின் கீழ்ப்படி ஒரு தனிப் பிரச்சினை. வெள்ளிதோறும் மஞ்சளும் குங்குமமும் இடப்படும் அந்தப் படியை அறுக்கச் சொன்னால் பல வீடுகளில் பேச்சு அத்துடன் நின்றுவிடும். அறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. படியின் உயரத்துக்கேற்ப இருபுறமும் மரத்திலோ ரப்பரிலோ ஆப்பு வடிவச் சிறு சரிவு வைத்தால் போதும். ஓர் அங்குலப் படிக்கு ஓர் அடி நீளமுள்ள ஆப்பு சரியாக இருக்கும். விசேஷ நாளில் அதை எடுத்து வைத்துக் கோலமும் போட்டுக்கொள்ளலாம்.

கழிப்பறையும் குளியலறையும்

செலவழிக்க ஓரளவு பணம்தான் இருக்கிறது என்றால், அதில் பெரும்பகுதியை இங்கே போடுங்கள். ஐந்தடி வட்டம் உள்ளே அமையும் கழிப்பறை நம் வீடுகளில் அரிது; நான்கடிக்கு ஆறடி, நான்கடிக்கு ஏழடி என்பதே வழக்கம். வழிகாட்டு நெறிகள் சொல்லும் கழிப்பறை இரண்டு மீட்டருக்குக் குறையாத நீள அகலம் கொண்டது. பக்கத்தில் உள்ள குளியலறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கும் அரைச் செங்கல் சுவரை எடுத்தால் அந்த அளவு பல வீடுகளில் கிடைத்துவிடும். அச்சுவர் மேல் எதுவும் தாங்கி நிற்கவில்லை என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். இடமே இல்லையென்றால், இருக்கையில் துளையுள்ள, சக்கரம் வைத்த கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி, கட்டிலிலிருந்து அதற்கு மாறி, அப்படியே பின்னோக்கித் தள்ளிச் சென்று கழிப்பறைக் கோப்பைக்கு மேலே நிறுத்திவிடலாம். குளிப்பதற்கும் அதே நாற்காலி உதவும். சிறிய வீடுகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்த்ததில்லை.

கோப்பையின் இருக்கை உயரம், மெத்தையுடன் சேர்த்து நாற்காலியின் இருக்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில், அதாவது ஏறக்குறைய 18, 19 அங்குலத்தில் இருக்க வேண்டும். தாழ்வான கோப்பைக்கு இறங்குவது எளிது; அதிலிருந்து ஏறுவதுதான் தோளை உடைக்கும். கோப்பையின் ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் நாற்காலி நிற்க மூன்றடி வெற்றிடமும் இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து அமரலாம். வலுவான கை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே அந்த வெற்றிடம் இடமா வலமா என்று முடிவுசெய்ய வேண்டும்.

சுவர்ப் பக்கத்தில் இருக்கைக்கு மேல் 200 மில்லிமீட்டர் உயரத்தில் கிடைமட்டக் கைப்பிடியும், வெற்றிடப் பக்கத்தில் மேலே மடக்கி வைக்கக்கூடிய கைப்பிடியும் தேவை. துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. முழு உடல் எடையும் ஒரே நொடியில் அதன்மேல் இறங்கும்போது திருகாணிகளோடு கையில் வந்துவிடும். விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயைச் செங்கல் சுவரில் நீளமான போல்ட்டு அடித்துப் பொருத்தச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு வீட்டிலேயே எடை கூடியவரைத் தொங்கச் சொல்லிச் சோதியுங்கள். பிளம்பர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தரை, வெளியறையின் தரை மட்டத்திலிருந்தே தொடங்கி உள்ளே வடிகாலை நோக்கி மிக மெல்லச் சரிய வேண்டும். தண்ணீர் வெளியே வராமலிருக்க நாம் கட்டும் இரண்டங்குல வரப்புக்குப் பதிலாகக் கதவடியில் நீளவாக்கில் ஒரு வடிகால் பள்ளமும் அதன்மேல் கம்பிவலைத் தட்டும் வைக்கலாம். சொரசொரப்பான டைல்ஸ் பதியுங்கள். குழாய்களுக்குத் திருகுபிடியை விட நெம்புபிடி நல்லது. வாளியைத் தரையில் வைத்தால் குனிந்து மொள்ளும்போது முன்பக்கம் கவிழ்ந்துவிடும் ஆபத்து இருப்பதால், இருக்கை உயரமுள்ள முக்காலி ஒன்றின்மேல் வாளியை வைப்பது வழக்கமாக வேண்டும்.

வெந்நீர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தண்டுவடக் காயம் உள்ளவர்களில் பலருக்குக் கால்களில் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகே தெரியவரும். ஹீட்டரின் வெப்பநிலையைக் குறைத்து வைப்பதும், முதலில் குளிர்ந்த நீரைப் பிடித்து அதில் வெந்நீரைக் கலப்பதும், உணர்ச்சியுள்ள கையால் தொட்டுப் பார்ப்பதும் வீட்டில் எல்லாருக்கும் பழகியிருக்க வேண்டும். கைகழுவும் தொட்டிக்கு அடியில் கால்முட்டிகள் நுழையும்படி விட்டால், அங்கே ஓடும் வெந்நீர்க் குழாயைச் சுற்றி உறை போடவும் வேண்டும்.

படுக்கையறை, சுவிட்சு, தாழ்ப்பாள்

கட்டில் மெத்தையோடு சேர்த்து நாற்காலியின் உயரத்துக்கு வர வேண்டும். தாழ்ந்திருந்தால் கால்களுக்கு அடியில் குழிவெட்டிய மரக்கட்டைகளை வைத்தும், உயர்ந்திருந்தால் கால்களை அறுத்தும் சரிசெய்யலாம். சுவிட்சுப் பெட்டிகள் நம் வீடுகளில் நான்கரை அடி உயரத்தில் இருக்கின்றன. அவற்றை மூன்று முதல் மூன்றரை அடிக்கு இறக்கவும், தரையோரம் இருக்கும் பிளக்குகளை ஒன்றரை அடிக்கு ஏற்றவும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. பெரும்பாலும் மறந்துபோவது கதவின் மேல் தாழ்ப்பாள். தன் அறைக் கதவைத் தானே தாழிட்டுக்கொள்ள முடியாமலிருப்பது வளர்ந்த மனிதர் ஒருவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை மற்றவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. மூன்றடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். அவசரத்தில் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையாக இருந்தால் மேலும் நல்லது.

சமையலறை

சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் இனிச் சமைக்க மாட்டார் என்று முடிவுகட்டிச் சமையலறையைத் தொடாமலே விட்டுவிடுவதும், ஆண் என்றால் அந்தப் பேச்சே எழாமலிருப்பதும் பரவலாக இருக்கின்றன. முழு மேடையையும் இடிக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் 30, 31 அங்குல உயரத்தில், அடியில் தடுப்போ அலமாரியோ இல்லாமல், முட்டிகள் நுழைய 27, 28 அங்குலம் விட்டு மூன்றடி நீளப் பலகை மேடை அமைத்தால் காய் நறுக்கவும், மாவு பிசையவும், டேபிள் டாப் கிரைண்டரை வைத்து அரைக்கவும் முடியும். அடுப்பின் திருகுகள் முன்பக்கம் இருக்க வேண்டும். பின் வரிசைக்குக் கை நீட்டும்போது சட்டை நுனி தீயில் படும். சிலிண்டரை முட்டி நுழையும் இடத்தில் வைக்காமல் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கவே கூடாது. அடுப்பிலிருந்து மேடை வழியாகவே நகர்த்தி இறக்கும்படி எல்லாம் ஒரே மட்டத்தில் அமைந்தால் அந்தத் தேவையே எழாது.

வாசல்

இப்போது சாய்தளத்துக்கு வரலாம். கணக்கு எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறங்குலப் படிகள் மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம். சாய்தளம் 18 அடி ஓட வேண்டும். இதைச் சொன்னதும் பலர் அதிர்ந்துபோய், பைக் ஏற்றுவதற்குப் போட்டிருக்கும் நான்கடிச் சரிவைக் காட்டி, அது போதாதா என்று கேட்பார்கள். அது போதாது, அந்தச் சரிவில் தானே ஏற முயல்பவர் பின்பக்கம் மல்லாந்து விழுவார், இறக்கிவிடுபவரின் கையிலிருந்து நாற்காலி நழுவும்.

பதினெட்டு அடி நேராக இல்லாவிட்டால் வீட்டின் பக்கவாட்டில் ஓடவிட்டு, திரும்பும் மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு மடக்கலாம். கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் வேண்டும். சரிவில் நின்றுகொண்டு பூட்டைத் திறக்க ஒரு கையை எடுத்தால் நாற்காலி உருண்டுவிடும். அகலம் நான்கடி. இரு ஓரங்களிலும் சக்கரம் நழுவாமலிருக்க இரண்டு மூன்று அங்குல வரப்பும், இரு பக்கமும் பிடிக்கம்பியும் தேவை. மேற்பரப்பைப் பளபளப்பான கிரானைட்டில் போடாதீர்கள். மழைக்காலத்தில் அது எவரையும் வழுக்கிவிடும். துடைப்பத்தால் கீறிய சிமெண்டுத் தளமே சிறந்தது. தெருவுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ மேலே நீட்டிக் கட்டினால் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிடக்கூடும் என்பதால் சரிவு உங்கள் எல்லைக்குள் முடிய வேண்டும்.

வெள்ளத்துக்குப் பயந்து மூன்றடி உயர்த்திக் கட்டிய வீடுகளில் 36 அடிச் சாய்தளத்துக்கு இடம் இருக்காது. அப்போது கொல்லைப்புறக் கதவின் உயரத்தை அளந்து பாருங்கள். முன்வாசலை விடத் தாழ்வாக இருப்பது உண்டு. அதுவும் இல்லையென்றால் மின்சாரத்தால் இயங்கும் சிறிய ஏற்றுமேடை ஒன்றே தீர்வு. செலவு கூடுதல், மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

அடுக்ககமும் வாடகை வீடும்

அடுக்ககத்தில் வீடு பார்க்கும்போது லிஃப்ட் இருக்கிறது என்ற விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் கதவுக்கு மூன்று படி ஏற வேண்டிய கட்டடங்கள் சென்னையில் ஏராளம். ஆறு பேர் செல்லும் லிஃப்டின் உள்ளளவு வழக்கமாக 1100க்கு 1000 மில்லிமீட்டர், கதவு 700 மில்லிமீட்டர்; கால்தாங்கியோடு நாற்காலியின் நீளம் 1050க்கு மேல் போவதால், கால்தாங்கியைக் கழற்றினால்தான் கதவு மூடும். எட்டுப் பேர் லிஃப்டின் கதவு 800 மில்லிமீட்டர் இருப்பதால் அதில் சிரமம் குறைவு.

வாடகை வீட்டில் உடைக்காமல் செய்யக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கழற்றி மாட்டும் கதவு, மடக்குச் சாய்பலகை, கமோடு நாற்காலி, கட்டிலுக்கு மரக்கட்டை. கைப்பிடிக்காகச் சுவரில் துளையிடுவதற்கும், காலி செய்யும்போது அடைத்துத் தருவதற்கும் உரிமையாளரிடம் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வெளியே செல்வதற்கு முன்

ஓர் இடத்துக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் 'சக்கர நாற்காலி வசதி இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது, வாருங்கள்' என்பதே பதிலாக வரும். பல நேரங்களில் அவர்கள் சொல்லும் வசதி, தூக்கிவிட இரண்டு ஆட்கள் இருப்பது. வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம், பந்தி எந்தத் தளத்தில் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுக்கூடம் மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருப்பதுதான் வழக்கம் என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னால் இன்னும் தெளிவு.

ஒரு முறை அமைத்த வசதி எப்போதும் இருக்கும் என்றும் எண்ண முடியாது. சென்னை மெரினாவில் கடலோரம் வரை செல்ல 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கின. பேருந்து நடைமேடையை ஒட்டி நின்றால் ஏறுவது எளிது, நடுச்சாலையில் நின்றால் சிரமம் என்பதால், ஓட்டுநர் கண்ணில் படும்படி நிறுத்தத்தின் முன்பகுதியில் காத்திருப்பது நல்லது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்துடன் எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி தரக்கூடாது என்கிறது; 45ஆம் பிரிவு ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் மாற்றியமைக்கச் சொல்கிறது. நீங்கள் அடிக்கடி போக வேண்டிய வங்கியிலோ அலுவலகத்திலோ படி மட்டுமே இருந்தால், படியின் உயரத்தை அளந்து, படம் எடுத்து, இப்பிரிவுகளைக் குறிப்பிட்டு அதன் தலைமை அலுவலருக்கு எழுதுங்கள். நகலை மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். யுடிஐடி எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், அந்த அலுவலகத்துக்குச் செல்லும் அதே நாளில் அதையும் கேட்டறிந்து வரலாம்.